கண்ணாடி கொண்டுவரவில்லை

இரண்டு பெரிய பைகள் நிறையப் பழைய துணி. துவைத்து, மடித்து, பொத்தான் போனதற்குப் பொத்தான் தைத்து எடுத்துப் போயிருந்தேன். பணி ஓய்வு பெற்ற மறுமாதம் அது. வீட்டில் இருக்கிற அலமாரியை எல்லாம் ஒழித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் இருக்கும் உதவி மையத்தில் கொடுத்தால் நாலு பேருக்கு உபயோகப்படும், எனக்கும் மனசு நிறையும் என்று ஒரு கணக்கு.

பொறுப்பாளர் பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் மகள் வயதுதான் இருக்கும். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. துணி வைக்க இடமில்லை. பிரிச்சு, அளவு பார்த்து அடுக்க ஆளும் இல்லை. எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கொடுக்க வந்தவளைத் திருப்பி அனுப்புகிற இடமும் உண்டா! என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார் போல. "உங்களுக்கு எழுத்து வேலை பழக்கமாம்மா? செவ்வாயும் வெள்ளியும் ரெண்டு ரெண்டு மணி நேரம் வர முடியுமா?" என்று கேட்டார்.

பைகளைத் தூக்கிக்கொண்டு வழியெல்லாம் முணுமுணுத்தபடி வீடு திரும்பினேன். செவ்வாய்க்கிழமை போய்விட்டேன். ஆயிற்று, நாலு வருஷம்.

துணி விஷயம் பிற்பாடுதான் புரிந்தது. கேட்காமல் வந்து குவியும் பொருளைப் பிரிக்கவும் காக்கவும் கடைசியில் அப்புறப்படுத்தவும் ஆள் வேண்டும், இடம் வேண்டும். பேரிடர் நிவாரணத்தில் வேலை செய்கிறவர்கள் இப்படி வந்து மலையாகிற பொருட்களை 'இரண்டாவது பேரிடர்' என்றே சொல்கிறார்கள். எங்கள் கூடத்தின் நீளம் பதினைந்து தப்படி. அதில் மலைக்கு ஏது இடம்.

மையம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு கூடம், கதவு சாத்திப் பேசுவதற்கு ஒரு சின்ன அறை, பின்னால் சாமான் வைக்க ஓர் ஒதுக்கு. சம்பளத்துக்கு மூன்று பேர். மற்றவர்கள் என்னைப் போல வந்து போகிறவர்கள். தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்குத் துணை போவது, சாயந்தரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது, வேலை போனவருக்கு எங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று வழி சொல்வது என ஏதேதோ நடக்கும். எங்களால் ஆகாததற்கு ஆகிற இடத்தைக் காட்டிவிடுவோம். அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. அதில் இருக்கும் தொலைபேசி எண்களை மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்து, எடுக்காத எண்ணை அடித்துவிட வேண்டும். செத்துப்போன எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பினால், அந்த மனிதர் மறுபடி யாரிடமும் உதவி கேட்க மாட்டார் என்பார் பொறுப்பாளர்.

எனக்குக் கிடைத்தது படிவ மேசை.

இங்கே என் ஜாதகத்தைச் சொல்லிவிட வேண்டும். ஓர் அலுவலகத்தின் விண்ணப்பப் பிரிவில் 31 வருஷம் எழுத்தராக இருந்தவள் நான். கம்பிக்கு அந்தப் பக்கம். 'இணைப்பு இல்லை', 'கையொப்பம் பொருந்தவில்லை', 'உரிய படிவத்தில் இல்லை' என்ற மூன்றையும் ரப்பர் ஸ்டாம்பாகவே செய்து வைத்திருந்தோம். கை வலிக்காமல் இருக்க! படிவம் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, இந்த மேசை ஒரு விஷயமே இல்லை என்றுதான் முதல் நாள் உட்கார்ந்தேன்.

மேசையில் ஒரு பேனா, ஒரு மைப்பெட்டி, ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் பன்னிரண்டு கண்ணாடிகள். கிட்டத்தில் இருக்கும் எழுத்தை வாசிப்பதற்கான வெள்ளெழுத்துக் கண்ணாடிகள்தான். பிளஸ் ஒன்றிலிருந்து பிளஸ் மூன்று வரைக்கும், ஒவ்வொரு பவருக்கும் ஒவ்வொரு நிறத்தில் காம்பில் ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். நாற்பதைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிற தொல்லை இது. சாதாரணக் கண்ணாடி போதும், ஆனால் அதுவும் இல்லாமல் உலகத்தில் 82.6 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை சொல்கிறது. பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஏகப்பட்ட மரியாதை வந்துவிட்டது. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள்!

அன்று மூன்றாவதாக வந்தவர் ஒரு பெரியவர். அறுபதுக்கு மேல் இருக்கும். வெளுத்த சட்டை, கை மடிப்பு கலையவில்லை. முதியோர் உதவித்தொகைக்கான படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்து மேசையில் பிரித்துத் தடவிவிட்டு, "கண்ணாடி எடுத்துட்டு வரலைம்மா. நீங்களே பார்த்து எழுதிடுங்க" என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அதுக்கென்னங்க ஐயா, இதோ இருக்கே" என்று பெட்டியைத் திறந்துவிட்டேன்.

முதலில் ஒன்றரை. போட்டுக்கொண்டார். படிவத்தைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்து, தலையை ஆட்டினார். "தெரியுதுங்களா?" "ம்... கொஞ்சம் மங்கலா இருக்கு." சரி, இரண்டு. அதையும் போட்டுக்கொண்டார். "இப்ப?" "இதுவும் அப்படித்தான்." இரண்டரை. நான் விடுவதாக இல்லை. கண்ணாடிக் கடை வைத்தவள் மாதிரி நாலாவதை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். பார்வை வரியின்மேல் போகவில்லை. தாளின் நடுவில் ஏதோ ஓரிடத்தில் நின்றிருந்தது. நெற்றி முழுக்க வியர்வை.

பொறுப்பாளர் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். நிற்கக்கூட இல்லை. "ஐயா, அந்தக் கண்ணாடி எல்லாம் கீறல் விழுந்தது, ஒண்ணும் தெரியாது. அம்மா வாசிப்பாங்க, நீங்க கேட்டுட்டு பதில் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். எந்தக் கண்ணாடியிலும் ஒரு கீறலும் கிடையாது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து, நிறப்பொட்டைப் பார்த்து அதன் இடத்திலேயே வைத்தார். நான் வாசித்தேன், அவர் சொன்னார், நான் எழுதினேன். கடைசியில் கையெழுத்து இடம் வந்ததும், "கை நடுங்குதும்மா, ரேகையே வச்சிடறேன்" என்றார். அந்தக் கை நடுங்கவே இல்லை. கட்டைவிரலை மையில் ஒற்றி, கட்டத்துக்குள் ஒரு நூல்கூட வெளியே போகாமல் அழுத்தி எடுத்தார்.

அவர் போனபிறகு பொறுப்பாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கண்ணாடி கொண்டுவரலைன்னு ரெண்டு பேர் சொல்லுவாங்கம்மா. நிஜமாவே கொண்டுவராதவங்க ஒருத்தர். படிக்கத் தெரியாதுன்னு சொல்லக் கூச்சப்படறவங்க இன்னொருத்தர். யார் எந்த ஆளுன்னு நாம கண்டுபிடிக்க வேண்டாம். முதல்ல நாமளே வாசிச்சிடலாம். தேவைப்படறவங்க பெட்டியை அவங்களே பார்ப்பாங்க" என்றார். பெட்டியை என் பக்கத்திலிருந்து எடுத்து, வருகிறவர் உட்காரும் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

உலகத்தில் எழுதப் படிக்கத் தெரியாத வயதுவந்தோர் 70 கோடிக்கு மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். யுனெஸ்கோ கணக்கு. இந்த எண்ணெல்லாம் எனக்குப் புதிதில்லை, செய்தித்தாளில் படித்திருப்பேன். அன்றிரவு தூக்கம் வராமல் புரண்டது வேறு கணக்கினால். 31 வருஷத்தில் என் கம்பிக்கு முன்னால் நின்று எத்தனை பேர் "கண்ணாடி கொண்டுவரலை" என்று சொல்லியிருப்பார்கள்! "அப்போ நாளைக்குக் கொண்டு வாங்க, அடுத்தவர்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! சத்தம் போட்டதில்லை, லஞ்சம் வாங்கியதில்லை, நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனவள் என்று எனக்கு என்மேல் நல்ல எண்ணம் இருந்தது.

பமீலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஓர் உதவியைப் பெற மனிதர்கள் மூன்று விதமாகச் செலவழிக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. அப்படியொரு உதவி இருக்கிறது, அது நமக்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள ஆகிற பாடு ஒன்று. படிவம், சான்று, நகல், வரிசை, அலைச்சல் என்று ஆகிற பாடு இரண்டு. கூச்சம், பயம், நம்மைச் சந்தேகமாகப் பார்க்கிறார்களே என்கிற குறுகல் மூன்றாவது. அலுவலகத்தில் இருந்தபோது இரண்டாவதைத்தான் நான் வேலை என்று நினைத்திருந்தேன். மூன்றாவது என் மேசைக்கு முன்னால் தினமும் வந்து நின்றிருக்கிறது.

இப்போது என் முறையே வேறு. படிவத்தில் இருப்பதை அப்படியே வாசிப்பதில்லை. 'விண்ணப்பதாரரைச் சார்ந்தோர் விவரம்' என்று இருந்தால், "உங்க சம்பாத்தியத்தை நம்பி வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்பேன். ஒரு வரி பதில்தான் வேண்டும். சில நாள் அரை மணி நேரம் வரும். போன வருஷம் ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டேன். "பையன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பையனை எழுதலாமாம்மா? அவன் போய் ஏழு மாசம் ஆச்சு. எங்கன்னு தெரியல" என்றார். பேனாவை வைத்துவிட்டு, "உள்ளே போய் உட்காரலாமா?" என்றேன். அந்தக் கதவுள்ள அறை இதற்குத்தான். அன்று படிவம் நிரப்பப்படவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

இது எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. நான் ஒன்றும் மனநல ஆலோசகர் இல்லை. ஆறுதல் சொல்லவும் அவ்வளவாக வராது. 'ம்' கொட்டுவேன், அவ்வளவுதான். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு கதை சொன்னார். 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வந்து கூட்டம் சேர்ந்துவிட்டது. காத்திருப்பவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று சில தன்னார்வலர்களை வெளியே உட்கார வைத்தார். கொஞ்ச நாளில் பார்த்தால், வெளியே அவர்களிடம் பேசிவிட்டு, அவரைப் பார்க்காமலே நிறையப் பேர் கிளம்பிப் போகிறார்கள். 1954 பிப்ரவரியில் வேலையையே தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அதுதான் இன்றைய சமாரிட்டன்ஸ் அமைப்பு. பயிற்சியில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களை மட்டும் மறக்கவில்லை.

கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அது சுலபம். கஷ்டமானது இன்னொரு விதி. மையத்துக்கு வந்தவர்களைத் தெருவில் பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக் கூடாது. அவர்கள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கலாம். "இந்த அம்மாவை எப்படித் தெரியும்?" என்று கூட இருப்பவர் கேட்டால், மையத்துக்கு வந்தவர்தானே பதில் சொல்லியாக வேண்டும்? நான் எதிரில் பார்த்தவரை எல்லாம் நிறுத்தி வீட்டு விசேஷம் வரைக்கும் விசாரிக்கிறவள். இப்போது எதிரில் யாராவது வந்தால் சட்டென்று செல்போனை எடுத்துப் பார்ப்பதுபோல நடிக்கிறேன். எனக்குத் திமிர் வந்துவிட்டது என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறதாம். இருக்கட்டும்.

ஒரே இடத்தில் பலர் தடுக்கி விழுந்தால் பள்ளத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கேதான் கற்றேன். ஒரு படிவத்தில் முகவரிச் சான்று கேட்டிருந்தார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு, வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. பல வீட்டுக்காரர்கள் எழுதித் தர மாட்டார்கள். ஒரே மாதத்தில் பதினோரு பேர் அதே கட்டத்தில் நின்றுவிட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குறுக்கு வழி தேடிக்கொண்டிருந்தேன். பொறுப்பாளர் பதினொன்றையும் ஒன்றாக எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு, அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். பதில் இல்லை. இரண்டாவது கடிதம். பதில் இல்லை. மூன்றாவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டேன். அலுவலகத்தில் எதற்குப் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? இன்னின்ன மாற்றுச் சான்றும் ஏற்கப்படும் என்று இரண்டு மாதத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்.

சிகாகோவில் 1889இல் ஹல் ஹவுஸ் என்ற மையத்தைத் தொடங்கிய ஜேன் ஆடம்ஸ், 1931இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியவர். தெருவில் குப்பை அள்ளாமல் கிடக்கிறது என்று புகார் செய்து பார்த்து அலுத்து, 1895இல் அந்த வட்டாரத்துக்குக் குப்பை ஆய்வாளராகத் தானே பதவி ஏற்றுக்கொண்டு, விடியற்காலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போனாராம். நோபல் பரிசைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். நிதி தருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கென்று தருவார்கள். பிள்ளைகள் பாட வகுப்புக்கு வந்த பணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிச் செலவு எழுத முடியாது. கூட்டுகிறவர் சம்பளம், மின்கட்டணம், கணக்குத் தணிக்கை ஆகியவற்றுக்கு என்று யாரும் ஆசையாகக் கொடுப்பதில்லை. 'நிர்வாகச் செலவு எவ்வளவு குறைவு' என்பதை வைத்தே அமைப்பை எடைபோடுகிற பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. இது சரியான அளவுகோல் இல்லை என்று அறக்கட்டளைகளை மதிப்பிடுகிற அமெரிக்க அமைப்புகள் மூன்று சேர்ந்து 2013இல் நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. கடிதம் எழுதி என்ன! கதவுள்ள அறைக்கு வாடகை இல்லையென்றால், மகனைத் தொலைத்த அம்மாவைக் கூடத்தின் நடுவில் வைத்துத்தான் பேச வைக்க முடியும்.

அடுத்தது புகைப்படம். ஒரு முறை ஒரு நிறுவனத்தார் சக்கர நாற்காலி கொடுக்க வந்தார்கள். நல்ல நாற்காலி, குறை சொல்ல முடியாது. வாங்கிக்கொள்ளும் பெண் அதில் உட்கார்ந்து, அவர்கள் ஏழு பேரும் பின்னால் நின்று, எல்லோரும் கேமராவைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் "எழுந்து நின்னு வாங்கிக்கறேனே, கொஞ்ச நேரம் நிக்க முடியும்" என்றார். நின்றால் படம் சரியாக வராதே! பொறுப்பாளர் இடையில் புகுந்து, நாற்காலியை மட்டும் படம் எடுக்கச் சொன்னார். அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை. இன்றுவரை எங்களுக்குள் இதில் இரண்டு கட்சி. ஒரு படத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தால் இன்னும் நாலு நாற்காலி வந்திருக்கும் என்று ஒரு கட்சி. நான் பொறுப்பாளர் கட்சி. ஆனால் நாற்காலிக்காகக் காத்திருக்கிறவர்களின் பட்டியலைப் பார்க்கும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

என் கையால் கெட்ட காரியமும் ஒன்று உண்டு. ஒரு தம்பி, விபத்தில் கை போனவர், உதவித்தொகைக்கு எழுதினார். காகிதம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. "இது கண்டிப்பா கிடைச்சிடும் தம்பி, கவலைப்படாம போங்க" என்றேன். 31 வருஷ அனுபவம் பேசியது. கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருந்தது. அவர் வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. கிடைக்கும் என்று நம்பிக் கைமாற்று வாங்கிவிட்டார் என்று மட்டும் பிற்பாடு கேள்விப்பட்டேன். இப்போதெல்லாம் யாராவது "கிடைக்குமாம்மா?" என்றால், "அனுப்பலாம். அனுப்பின தேதியைக் குறிச்சு வச்சுக்கலாம். பதில் எதுவா இருந்தாலும் இங்க எடுத்துட்டு வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தத் தம்பியின் படிவ நகல் என் இழுப்பறையிலேயே இருக்கிறது. கோப்பில் சேர்த்துவிடச் சொல்லி இரண்டு முறை சொல்லிவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை கூட்டம் கொஞ்சம் அதிகம். பெஞ்சில் இடமில்லாமல் இரண்டு பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள். நான் ஒருவருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் யாரோ ரகசியமாகப் பேசுகிற குரல். காது சரியாகக் கேட்காத ஒருவரிடம் ரகசியம் பேசினால் எவ்வளவு சத்தமாக இருக்குமோ அவ்வளவு சத்தம். நிமிர்ந்தால், வெளுத்த சட்டை. என் முதல் நாள் பெரியவர். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வருவார், இந்தத் தடவை பக்கத்தில் இன்னொரு பெரியவரைக் கூட்டி வந்திருந்தார். அவர் கையில் நாலாக மடித்த காகிதம். எழுந்து போய்விடலாமா என்கிற மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பயப்படாதே" என்று அவர் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார் நம் பெரியவர். "கண்ணாடி கொண்டுவரலைன்னு சொல்லு. அந்த அம்மாவே வாசிச்சிடும்."